பத்தொன்பது பக்கச் சம்பந்தி

அன்பு மகனே,

இந்தப் பூமியில் யாருமே நம்பாத ஒரு கதையை உனக்குச் சொல்லப்போகிறேன் என்று, நம் குலதெய்வத்தின் மேலும் கீரனூர் பேருந்து நிலையத்தின் மேலும் ஆணையிட்டு இதை எழுதத் தொடங்குகிறேன். நீ நம்பமாட்டாய். உன் அம்மா நம்பமாட்டார். முடித்துவிட்டுத் திரும்பப் படித்தால் நானே நம்பமாட்டேன். ஆனாலும் எழுதித்தான் ஆகவேண்டும். மாட்ரிட்டில் உட்கார்ந்துகொண்டு, ஆவணி மாதத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை, "சித்தப்பா என்ன சொல்றாங்க, சித்தப்பா என்ன சொல்றாங்க" என்று உன் அம்மாவைப் போனில் குடைந்துகொண்டிருக்கிறாய். தை பிறந்துவிட்டது. லூசியாவை நீ கட்டிக்கொள்ளலாமா கூடாதா என்பது என் ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டு நிற்கிறது. என் அண்ணன், உன்னைப் பெற்றவர், காலமான பிறகு நான் விசாரித்துச் சரி என்று சொல்லாமல் நம் வீட்டில் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை. அண்ணன் மகன் எனக்கும் மகன்தான் என்பது ஊர் வழக்கு. அந்த வழக்கின்படி தகப்பன் ஸ்தானத்தில் அமர்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எழுதுகிறேன்.

என் தகுதியை உனக்கு நினைவூட்டத் தேவையில்லை, ஆனாலும் நினைவூட்டுகிறேன். திருச்சி ரூட்டில் இருபத்தெட்டு வருஷம் பேருந்தில் டிக்கெட் சோதிக்கும் செக்கராக இருந்தவன் நான். என் காலத்தில் டிக்கெட் எடுக்காத கொசு ஒன்று கீரனூரில் ஏறிவிட்டால், நார்த்தாமலை வருவதற்குள் மனசாட்சி உறுத்தித் தானாகவே இறங்கி நடந்து போகும். ஒரு முறை ஓர் ஆட்டுக்குட்டி என்னைக் கண்டதும் திருதிருவென்று முழித்தது. ஆட்டை விட்டுவிட்டு, அதை மடியில் வைத்திருந்த அம்மாவைச் சோதித்தேன். புதுக்கோட்டைக்குப் போகிறவர் நார்த்தாமலைக்கு டிக்கெட் எடுத்திருந்தார். முகத்தைப் பார்த்து ஆளை எடை போடாதே மகனே. டிக்கெட் உள்ளவன் ஜன்னலைப் பார்ப்பான், இல்லாதவன் உன்னைப் பார்ப்பான். இந்தக் கண்ணைக் கொண்டுதான் நம் குடும்பத்துக்கு வந்த மாப்பிள்ளைகளையும் பெண்களையும் சலித்து எடுத்தேன்.

ஆகவே நீ லூசியாவின் படத்தை அனுப்பியபோது நான் படத்தைப் பார்க்கவில்லை. "குடும்ப விவரம் எங்க?" என்றுதான் கேட்டேன். உனக்கு ஞாபகம் இருக்கும்.

"அவ அப்பா மருந்துக்கடை வச்சிருக்காரு சித்தப்பா. அம்மா டீச்சரு. வேற என்ன வேணும்?"

"பூர்வீகம் வேணும். பாட்டன் பூட்டன் எல்லாம் என்ன செஞ்சாங்கன்னு வேணும்."

"இங்க அப்படியெல்லாம் கேக்கமாட்டாங்க சித்தப்பா."

"கேக்காத எடத்துலதான்டா கேக்கணும்."

நீ சிரித்தாய். ஆனால் உன் வருங்கால மாமனார் சிரிக்கவில்லை. மருந்துச்சீட்டைப் படித்துப் பழகிய மனிதர் போலிருக்கிறது, கேட்டதைக் கேட்டபடி கொடுத்துவிட்டார். அவர்கள் வம்சத்தில் காகிதத்தில் எழுதிவைத்த வாழ்க்கை ஒன்றே ஒன்றுதான் உண்டாம். பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு ஸ்பெயின் நாட்டுப் பிரபு. ராஜாவின் தூதராக வேறு தேசங்களில் இருந்தவர். அவர் கதை பத்தொன்பது பக்கம். அதை உன் போன் தமிழாக்கி எனக்கு அனுப்பியது. போன் எழுதிய தமிழ் எப்படி இருந்தது என்று கேட்காதே. பல்லில்லாத கிளி பாடம் ஒப்பித்ததுபோல் இருந்தது. ஆனாலும் ஆவணியிலிருந்து மார்கழிவரை அந்தப் பத்தொன்பது பக்கத்தை நான் படித்ததுபோல் எந்தப் பரீட்சைக்கும் யாரும் படித்திருக்கமாட்டார்கள்.

பெயரிலேயே எனக்குச் சந்தேகம் தட்டியது. ஒரு மனிதனுக்குப் பதினோரு பெயர். மூச்சு விடாமல் வாசித்தால் கண்டக்டர் ஊர் ஊராகக் கூப்பிடுவதுபோல் இருக்கிறது. இத்தனை ஸ்டாப் உள்ள ஆள் எங்கே ஏறுவார், எங்கே இறங்குவார் என்று யார் கண்டது? அதனால் அவரைப் பிரபு என்றே சொல்லிக்கொள்கிறேன். பிறந்தது கல்லும் முள்ளும் ஆடும் தவிர வேறொன்றும் விளையாத காய்ந்த சீமை என்று இருந்தது. அட, அன்னவாசல் பக்கம்போல இருக்கிறதே என்று ஒரு நிமிஷம் மனசு இளகிவிட்டது. உடனே சுதாரித்துக்கொண்டேன். மனசை இளக்கும் வரியைத்தான் முதலில் சோதிக்கவேண்டும். படமும் ஒன்று வைத்திருந்தார்கள். தலையில் மாவு கொட்டிய பொய்முடி. வழுக்கையை மறைப்பவர் வேறு எதையெல்லாம் மறைப்பார்? போதாக்குறைக்கு வலது கையைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு நின்றார். கையை உள்ளே வைத்திருக்கும் ஆளைக் கண்டால் என் கால் தானாக அந்த சீட்டுக்குப் போய் நின்றுவிடும். "டிக்கெட்ட எடுங்க பிரபு" என்று சொல்லியேவிட்டேன். பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த உன் அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

முப்பது வயதுக்கும் முப்பத்தேழு வயதுக்கும் நடுவில் பிரபுவின் ஏழு வருஷம் "கடல் பயணம்" என்ற இரண்டே சொல்லில் முடிந்துவிடுகிறது. எந்தக் கடல்? யாருடன்? எதற்கு? ஒன்றும் இல்லை. நான் ஆராய்ந்து கண்டுபிடித்ததை உனக்கு மட்டும் சொல்கிறேன். அவர் நம் கோட்டைப்பட்டினத்தில்தான் கரையேறினார். நெத்திலிக் கருவாட்டைத் தின்றுவிட்டு மூன்று நாள் மூர்ச்சையாகிக் கிடந்தார். எழுந்ததும் மாட்டுவண்டி பிடித்துக் கொடும்பாளூர் வந்தார். அங்கே மூவர் கோயிலில் இரண்டுதான் நிற்கின்றன, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் கிடக்கிறது என்பது ஊரறிந்த சங்கதி. அந்த மூன்றாவது எங்கே போயிற்று என்று படித்தவர்கள் தலையைச் சொறிகிறார்களே, பிரபுவின் பெட்டியை யாராவது திறந்து பார்த்தார்களா? லூசியா வீட்டுக் கொல்லைப்புறத்தில் கல் விமானம் ஏதாவது தென்பட்டால் எனக்குப் படம் எடுத்து அனுப்பு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஏழு வருஷம் கழித்துத் திரும்பியவரை அவர்கள் ராஜா குளிர்ப்பிரதேச அரண்மனை ஒன்றுக்குத் தூதராக அனுப்பினார். தூதர் வேலை என்ன தெரியுமா? சந்தேகப்படுவதற்குச் சம்பளம். வருகிற கடிதத்தை எல்லாம் வழியிலேயே எவனோ பிரித்துப் படித்துவிட்டு, மெழுகை உருக்கி ஒட்டி அனுப்புவான். அது தெரிந்து பிரபு எழுத்துக்குப் பதில் எண்களாக எழுதுவார். அந்த எண்களை உடைக்க இன்னொருவன் கண் விழித்துக் காத்திருப்பான். சாப்பாட்டில் விஷம் இருக்குமோ என்று சூப்பை முதலில் ஒருவன் குடிப்பான். அவன் நடிக்கிறானா என்று பார்க்க இரண்டாவது ஆள். இரண்டாவது ஆளை நம்பலாமா என்று பார்க்க மூன்றாவது ஆள். கடைசியில் பிரபுவுக்கு வந்து சேருவது கரண்டியில் ஒட்டிய ஈரம்தான். ஒரு நாள் குறுகலான தெருவில் பிரபுவின் சாரட்டும் வேறொரு தேசத்துத் தூதரின் சாரட்டும் எதிரும் புதிருமாக வந்து நின்றன. யார் ஒதுங்கினாலும் அவரவர் ராஜாவுக்கு அவமானம். நம் திருவிழாவில் முதல் மரியாதைக்கு முறைத்துக்கொண்டு நிற்பார்களே, அதே கதை. இருவரும் ஒதுங்கவில்லை. பதினோரு மாதம் நின்றார்கள். குதிரைகள் அங்கேயே குட்டி போட்டன. இரண்டு சாரட்டுக்காரர்களும் அலுத்துப்போய்த் தங்களுக்குள் சம்பந்தம் செய்துகொண்டார்கள். இந்தப் பகுதியைப் படித்தபோது அந்த மனிதர் மேல் எனக்கு ஒரு மதிப்பு வந்துவிட்டது. என்ன இருந்தாலும் நம் தொழில்காரர்.

அந்த மதிப்பும் பதினேழாம் பக்கத்தில் போயிற்று. ராஜா தன் மகனுக்கு அந்தக் குளிர்தேசத்து இளவரசியைக் கட்டலாமா என்று விசாரித்து எழுதச் சொன்னார். பல் எப்படி, குணம் எப்படி, நடை எப்படி. நாம் கேட்பதையேதான் அவர்களும் கேட்டிருக்கிறார்கள். பிரபு விசாரிக்கப் போனார். அந்த அரண்மனை முறைப்படி தூதர் வந்தால் இளவரசி உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். தூதர் நின்றுகொண்டே பேசிவிட்டு, முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்துவிடவேண்டும். அதனால் அவர் சமையற்கட்டு ஆள் ஒருவனைப் பிடித்து, "உங்கள் இளவரசியின் நடை எப்படி?" என்று கேட்டார். அவன் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தான். பிரபு ராஜாவுக்கு எழுதிவிட்டார்: நடையில் ஏதோ குறை உண்டு போலிருக்கிறது. ராஜா வேண்டாம் என்றார். அதன்பிறகு அந்தப் பெண்ணை யாரும் கேட்கவில்லை. கன்னியர் மடத்தில் சேர்ந்து அங்கேயே அவள் காலம் முடிந்தது. பிரபு கிழவரான பிறகு தன் மகனுக்கு எழுதிய கடிதத்தில் அதைப்பற்றி ஆறு வரி இருக்கிறது. "அவள் நடந்து நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. நான் போனபோதெல்லாம் அவள் உட்கார்ந்திருந்தாள்" என்று போகிறது அது.

நான் அந்த இடத்தில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு உன் அம்மாவிடம் காட்டினேன்.

"பாத்தீங்களா அண்ணி. கல்யாணத்தக் கலைச்ச வம்சம்."

"அது எந்தக் காலத்துலயோ தம்பி."

"கலைக்கிற புத்தி ரத்தத்துல வரும் அண்ணி."

அவர் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தையும் நான் சந்தேகப்பட்டேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

இனி நேரில் போய் விசாரிப்பதே முறை என்று முடிவுகட்டினேன். மருந்துக்கடை வாசலில் நின்று அக்கம்பக்கத்தில் நாலு பேரைக் கேட்டால் தெரியாததா? பாஷை தெரியாதே என்றார் உன் அம்மா. கண் பேசும் என்றேன். யாருக்கும் சொல்லாமல் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன். கார்த்திகையில் ஒரு நாள், போலீஸ்காரர் ஒருவர் பைக்கில் வந்து நம் தெருமுனை டீக்கடையில் நின்றார். நான் பக்கத்தில் நின்ற லோடு ஆட்டோவில் அடுக்கியிருந்த நூறு கடலை மூட்டைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். நம்மைப்பற்றி ஊர் என்ன சொல்கிறது என்று கேட்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

"இங்க ரிட்டயர்டு செக்கர் ஒருத்தர் இருக்காராமே, ஆளு எப்படி?" என்றார் போலீஸ்காரர்.

டீக்கடை முத்தையா அப்போது வடைப் பொட்டலத்துக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தான். நூலின் ஒரு முனை பொட்டலத்தில், மறுமுனை அவன் பல்லில். அவன் பேசவில்லை. நூலை அறுப்பதற்காகத் தலையை மெதுவாக ஒரு பக்கம் சாய்த்தான்.

"ஓகோ" என்றார் போலீஸ்காரர். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

நான் பாய்ந்து வெளியே வந்தேன். "சார், அவன் வாயில நூலு இருக்குங்க."

"நீங்க யாரு?"

"நாந்தாங்க அந்த ஆளு."

"அப்ப ஏன் மூட்டைக்குப் பின்னாடி நின்னீங்க?"

"என்ன சொல்றான்னு பாக்கலாம்னுதாங்க."

அதையும் எழுதிக்கொண்டார். முத்தையா நூலைத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னான்: "நல்ல மனுசந்தாங்க. என்ன, நான் பால்ல தண்ணி கலக்குறேன்னு பன்னெண்டு வருசமா அவருக்கு ஒரு சந்தேகம். மத்தபடி தொந்தரவு இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். போலீஸ்காரரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த "ஓகோ" காதிலேயே நின்றது. அது எனக்குப் பழக்கமான ஓகோ. பதினாலு வருஷத்துக்கு முன்னால் அரிமளத்தில் என் வாயிலிருந்து அது வந்திருக்கிறது.

உன் அக்காவுக்கு அரிமளத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தது உனக்கு அரைகுறையாகத் தெரியும். நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். விவசாய ஆபீசில் வேலை. கோயிலில் வைத்துப் பெண் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்ததும் உன் அக்கா, "எனக்குப் புடிச்சிருக்கு" என்று உன் அம்மாவிடம் சொன்னாள். அவள் வாயைத் திறந்து ஒன்றைப் பிடித்திருக்கிறது என்று சொன்னது எனக்குத் தெரிந்து அது ஒரு தடவைதான். நான் விசாரிக்கப் போனேன். அவர்கள் தெருவுக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்து, "அந்த வீட்டுப் பையன் எப்படி?" என்று கேட்டேன். டீ மாஸ்டர் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. பிறகு மெதுவாக "ம்..." என்று இழுத்தார். நான் "ஓகோ" என்றேன். எழுந்து பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்து, "வேணாம் அண்ணி, என்னமோ இருக்கு" என்றேன். என்ன இருக்கு என்று யாரும் கேட்கவில்லை. செக்கர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம் வீட்டில் ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நீர் ஊற்றி வளர்த்தவனும் நான்தான். உன் அக்காவுக்கு அடுத்த இடம் அமைய ஐந்து வருஷம் ஆயிற்று.

போலீஸ்காரர் வந்துபோன மறுநாள் காலை அரிமளத்துக்கு பஸ் ஏறினேன். அதே கடை. அதே மாஸ்டர், தலை மட்டும் நரைத்திருந்தது. அதே வீட்டைக் காட்டி அதே கேள்வியைக் கேட்டேன்.

"அவரா? தங்கமான ஆளுங்க. தெனம் இங்கதான் டீ. ஏன், பொண்ணு கிண்ணு குடுக்கப் போறீங்களா? அவருக்கு ரெண்டு புள்ளைக இருக்குங்களே."

"பதினாலு வருசத்துக்கு முன்னாடி இதையே கேட்டேன். நீங்க ஒன்னும் சொல்லல."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பதினாலு வருசமாங்க? நேத்து வந்த ஆளே எனக்கு ஞாபகம் இல்ல." சொல்லிக்கொண்டே பேச்சை நிறுத்திவிட்டார். அடுப்பில் பால் விளிம்புக்கு ஏறி வந்திருந்தது. கண்ணை எடுக்காமல் கரண்டியைப் போட்டு அதை இறக்கினார். அது அடங்கிய பிறகுதான், "ம்... என்ன கேட்டீங்க?" என்றார்.

மகனே, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கும் பால் சீறிய சத்தம் என் காதில் விழுந்திருந்தது. தீய்ந்த வாடைகூட வந்தது. இருபத்தெட்டு வருஷச் செக்கருக்கு அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் அக்கா வீட்டுக்குப் போனேன். காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"அந்த ஆளுக்கு என்ன கொறைன்னு நான் ரொம்ப நாளு யோசிச்சேன் சித்தப்பா. குடியா, வேற பொண்ணு சங்கதியா, ஏதும் நோயான்னு. ஒங்கள்ட்ட கேக்கப் பயம். ஒன்னுமே இல்லையா?"

"ஒன்னுமே இல்லத்தா."

"சரி." இன்னொரு சட்டையை எடுத்தாள். அதை மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தாள். "எனக்கு இங்க ஒரு கொறையும் இல்ல. அதுக்காகச் சொல்லல. தம்பி விஷயத்துல போயி எவன்கிட்டயும் விசாரிக்காதீங்க. நேரா அவனக் கேளுங்க. அந்தப் புள்ளையக் கேளுங்க."

காபி கொடுத்தாள். குடித்தேன். அவள் என்னை மன்னித்தாளா என்று அவள் முகத்தில் தேடினேன். அதற்கும் என் பழைய கண்ணைத்தான் உபயோகித்தேன் என்று பிறகு வெட்கமாக இருந்தது. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அடுத்த முறை கேட்பேன்.

வீட்டுக்கு வந்து பதினேழாம் பக்கத்தை மறுபடியும் எடுத்தேன். அப்போதுதான் அது உறைத்தது. குடும்ப விவரம் கேட்டால் யாராவது இதை அனுப்புவார்களா? நாம் என்றால் பிரபுவின் சாரட்டையும் குதிரையையும் எழுதிவிட்டு, இந்தப் பக்கத்தை அடுப்பில் போட்டிருப்போம். உன் மாமனார் தன் வம்சத்தின் ஒரே பெருமையை அனுப்பும்போது அதன் அசிங்கத்தையும் பிரிக்காமல் அனுப்பியிருக்கிறார். என் அனுபவத்தில், கேட்பதற்கு முன்னால், "டிக்கெட்டுக்கு மேல ரெண்டு ஸ்டாப் வந்துட்டேன் சார்" என்று தானாக எழுந்து நின்ற பயணியை நான் பார்த்ததே இல்லை. முதல் முதலாக இவர்களைப் பார்க்கிறேன்.

நேற்றுக் காலை உன் அம்மாவிடம் போய், "நாள் பாக்கலாம் அண்ணி" என்றேன்.

"விசாரிச்சிட்டீங்களா தம்பி?"

"நான் எங்க விசாரிச்சேன். அவங்களே சொல்லிட்டாங்க."

அவர் அடுப்படிக்குப் போய்ச் சத்தமில்லாமல் அழுதார். சந்தோஷத்திலா, இவ்வளவு தாமதமாகச் சொன்னேனே என்ற கோபத்திலா என்று நான் ஊகிக்கவில்லை. போய்க் கேட்டேன். "ரெண்டுந்தான்" என்றார்.

இதை உனக்கு நான் தரும் சீதனமாக வைத்துக்கொள். சந்தேகத்தை விடு என்று நான் சொல்லமாட்டேன். சொன்னாலும் நம் ரத்தத்தில் அது நடக்காது. ஆனால் உன் கண்ணால் பார்த்துச் சந்தேகப்படு. அடுத்தவனுடைய மௌனத்தைச் சும்மா வாங்கிக்கொண்டு வந்து அதற்கு நீயாக அர்த்தம் எழுதாதே. லூசியா ஒரு நாள் பேசாமல் இருந்தால் அவளையே கேள். அவள் உன்னைக் கேட்டாலும் மழுப்பாமல் சொல். என்னைப்போல் பதினாலு வருஷம் எடுத்துக்கொள்ளாதே. பாஸ்போர்ட் வந்துவிட்டது, போலீஸ்காரர் என்ன எழுதினாரோ தெரியாது. கல்யாணத்துக்கு வருவேன். கொல்லைப்புறத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பேன், அதை நீ தடுக்கக்கூடாது.

கடைசியாக ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆட்டுக்குட்டி முழித்ததை நான் சரியாகப் பார்க்கவில்லை. கடலை மூட்டை நூறு அல்ல, நாலு, குனிந்துதான் நின்றேன். பிரபு கோட்டைப்பட்டினத்துக் கருவாட்டை மோந்துகூடப் பார்த்திருக்கமாட்டார். சாரட்டுகள் அரை நாள்தான் நின்றனவாம். சூப்புக்கு ஒரே ஆள்தான். எல்லாம் நான் ஊதிப் பெருக்கியவை, அதற்காக வருத்தப்படவும் இல்லை. ஆனால் அந்த இளவரசியைப்பற்றிப் பிரபு தன் மகனுக்கு எழுதிய ஆறு வரி அந்தப் பத்தொன்பது பக்கத்தில் அப்படியே இருக்கிறது. அதில் மட்டும் நான் கை வைக்கவில்லை.